பேச்சு நின்றுபோன உறவோடு மறுபடி பேசுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் அக்காவோடு ஏழு வருடம் நான் பேசவில்லை. காரணம் ஒரு காதுகுத்து. அக்கா மகளைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். சென்னையிலிருந்து நான் வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா மகன் மடியில் வைத்துக் காது குத்தி முடித்திருந்தார்கள். சீர்த் தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, கை நனைக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

கோபம் ஆறு மாதத்தில் வடிந்துவிட்டது, உண்மையைச் சொன்னால் அதற்கும் முன்பே. ஆனால் அந்தக் கோபத்தைச் சுற்றி நான் போட்டுக்கொண்ட சட்டங்கள் ஏழு வருடமும் அப்படியே நின்றன. அவற்றைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அப்படிச் சட்டங்கள் இருந்ததே வேறு யாருக்கும் தெரியாது.

பேச்சு திரும்பிய பிறகு, சொந்தத்திலும் நட்பிலும் நான்கைந்து பேர் இதே முயற்சியில் இறங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். சறுக்கியவர்கள் எல்லாரும் வரிசையில்தான் சறுக்கினார்கள். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தார்கள். அதனால் கீழே உள்ள படிகளை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

தொடங்கும் முன்

முதலில், இந்த வழி உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். அடித்தவர், பாலியல் தொல்லை கொடுத்தவர், இன்னமும் பணத்தை ஏமாற்றிக்கொண்டிருப்பவர், குடித்துவிட்டு வந்து மிரட்டுபவர் ஆகியோரிடமிருந்து விலகி நிற்பது வேலி. அதை யாருக்காகவும் எடுக்க வேண்டாம். "என்ன இருந்தாலும் ரத்த சொந்தம்" என்று யாராவது சொன்னால், கேட்டுக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். மரியாதைக் குறை, வார்த்தைத் தடிப்பு, பத்திரிகை வைக்காதது, முறை தவறியது, பங்கு பிரித்ததில் வந்த மனத்தாங்கல் போன்றவற்றுக்குத்தான் இந்த வழிகாட்டி.

இரண்டாவது, உங்கள் மனநிலை. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால் அதை முதலில் கவனியுங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ், 14416. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. இலங்கையில் 1926.

தேவையானவை: ஒரு நோட்டு, ஒரு பேனா, குறைந்தது இரண்டு மாதம். அப்புறம் இரு தரப்புக்கும் சொந்தமில்லாத ஒரு நண்பர். அந்த நண்பர் ஆலோசனை சொல்லக் கூடாது. நீங்கள் எழுதியதை வாசிக்கக் கேட்டால் போதும். நோட்டுக்குப் பதில் போனில் எழுதலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். அந்தப் போனில்தான் அவர்களுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இருக்கிறது.

1. சட்டங்களைப் பட்டியல் போடுங்கள்

பெரும்பாலானோர் சண்டையிலிருந்து தொடங்குவார்கள். அது வேண்டாம். சண்டையை எழுத உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் ரத்தம் சூடேறி நோட்டை மூடிவிடுவீர்கள். அந்தச் சண்டைக்குப் பிறகு நீங்கள் எதையெல்லாம் செய்வதில்லை என்பதை முதலில் எழுதுங்கள். அதில் கோபம் வராது. கொஞ்சம் வெட்கம் வரும். அது வேலைக்கு உதவும்.

என் பட்டியலில் பதினான்கு இருந்தன. அக்காவின் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுவதில்லை. அவர்கள் வரும் கல்யாணத்துக்கு முதல் நாள் ரிசப்ஷனில் தலைகாட்டி மொய் எழுதிவிட்டு வந்துவிடுவேன், முகூர்த்தத்துக்கு நிற்பதில்லை. சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போவதில்லை. அம்மாவுக்கு போன் போட்டால் "பக்கத்துல யாரு இருக்கா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருக்காவது பிறந்தநாள் வந்து அக்கா முதலில் வாழ்த்து போட்டுவிட்டால், நான் போட மாட்டேன். இந்தக் கடைசிச் சட்டத்தால் சம்பந்தமே இல்லாத ஒரு சித்தப்பாவுக்கு மூன்று வருடம் என் வாழ்த்து போகவில்லை.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் எதிரே, இந்தச் சட்டத்துக்கு விலை கொடுப்பது யார் என்று எழுதுங்கள். நான் அக்காவின் பெயரே நிறைய வரும் என்று நினைத்தேன். ஒரு இடத்தில்கூட வரவில்லை. என் பெயர் ஒன்பது இடத்தில், அம்மா நான்கில், அந்தச் சித்தப்பா ஒன்றில். அக்கா பேசும்போது அம்மா போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவது எனக்கு எப்போதோ தெரியும். எழுதிய பிறகுதான் உறைத்தது.

இந்தப் படியில் வரும் தவறு, மூன்று நான்கோடு நிறுத்திவிடுவது. நோட்டை ஒரு வாரம் கையிலேயே வைத்திருங்கள். நல்லது கெட்டது எதற்காவது அழைப்பு வரும்போது மனசு போடும் கணக்கைக் கவனித்தால் மீதிச் சட்டங்கள் தானாக வெளியே வரும்.

2. நடந்ததை நான்கு நாள் எழுதுங்கள்

இப்போது சண்டையை எழுதலாம். தினமும் 15 நிமிடம், நான்கு நாள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தைப் பாதித்த சம்பவத்தை மாணவர்களை எழுத வைத்ததும் இதே அளவில்தான். எழுதி முடித்த உடனே மனசு கனக்கும், பலன் பிறகுதான் தெரியும் என்பதை அப்போதே கவனித்தார்கள். அதனால் முதல் நாள் எழுதி மனசு கெட்டுப்போனால், இது நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடாதீர்கள். படுக்கப் போகும் முன் எழுதுவதைத் தவிர்த்தால் தூக்கமாவது மிஞ்சும்.

முதல் இரண்டு நாள் மனம் போனபடி எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

மூன்றாம் நாள், மண்டபத்து வீடியோக்காரரின் கேமராவில் பதிந்திருக்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். "வேண்டுமென்றே", "மதிக்காமல்", "எல்லார் முன்னாடியும் என்னை ஆளாகவே நினைக்காமல்" போன்றவை கேமராவில் விழாது. அடித்துவிடுங்கள். என் பக்கத்தில் மிஞ்சியது இவ்வளவுதான்: நல்ல நேரம் பத்தரை வரை. நான் வந்தது பத்து ஐம்பதுக்கு. குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஆசாரிக்கு அன்றைக்கு இன்னொரு வீட்டிலும் காதுகுத்து இருந்தது.

அப்புறம் இன்னொன்றும் வந்தது. ஏழு வருடமும் பார்த்தவரிடமெல்லாம் "ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்தது. சாயங்காலம் சார்ஜ் போட்டதும் அக்கா எண்ணிலிருந்து மிஸ்டு கால் அலர்ட் வரிசையாக வந்து விழுந்தது. பார்த்தேன், அழித்தேன். கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தைத் தாண்டிப் போய்ச் சொல்லியே பழகியிருக்கிறேன்.

நான்காம் நாள், அதே சம்பவத்தை எதிர்த் தரப்பு எழுதுவதுபோல எழுதுங்கள். கஷ்டமான நாள் இதுதான், தள்ளிப்போடாதீர்கள். உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990இல் ஒரு ஆய்வு செய்தார்கள். தன்னைக் கோபப்படுத்திய சம்பவம் ஒன்று, தான் இன்னொருவரைக் கோபப்படுத்திய சம்பவம் ஒன்று என்று ஒரே ஆளையே இரண்டு எழுத வைத்தார்கள். அடிபட்டவராக எழுதியபோது கதை நீண்டது, வலி இன்றுவரை தொடர்ந்தது. அடித்தவராக எழுதியபோது அது என்றோ முடிந்துபோன ஒரு நாள், அதற்கு அப்போது ஒரு காரணமும் இருந்தது. உங்களுக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் படம் அவர்கள் பக்கத்தில் முடிந்து வருடங்கள் ஆகியிருக்கலாம். "கொஞ்சம்கூட உறுத்தலே இல்லாம இருக்காளே" என்ற எரிச்சல் பாதிக்குமேல் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

3. எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

பேசாமல் இருப்பவர் எல்லாருக்கும் உள்ளே ஒரு நிபந்தனை இருக்கும். "அவன் என் வீட்டுப் படியேறி வந்து கேட்கட்டும்." "அவங்க முதல்ல பேசட்டும், அடுத்த நிமிஷம் நான் பேசுவேன்." அதை மழுப்பாமல் எழுதுங்கள்.

எழுதியபின் அதற்குக் கீழே இரண்டு கேள்வி. இந்த நிபந்தனை அவர்களுக்குத் தெரியுமா? அவர்கள் அதைச் செய்யவே இல்லை என்றால் எத்தனை வயது வரை காத்திருக்கப் போகிறீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு எண்ணாகவே பதில் எழுதுங்கள். "பார்ப்போம்" என்று எழுதுவது பதில் ஆகாது. நான் ஐம்பது என்று எழுதிவிட்டு, அப்போது அம்மாவுக்கு என்ன வயது என்று கூட்டிப் பார்த்து, பேனாவை மூடிவைத்தேன்.

4. தீனி போடுவதை நிறுத்துங்கள்

பழைய கோபம் தானாக உயிரோடு இருக்காது. யாராவது தீனி போட வேண்டும். "உங்கக்கா புது கார் எடுத்திருக்காங்களாம், உங்களுக்குச் சொன்னாங்களா?" என்று கேட்பவர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவரோடு சண்டை போட வேண்டாம், அது இன்னொரு சட்டத்தில் முடியும். "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். நான்கு தடவை சப்பென்று போனால் அவருக்கே சலித்துவிடும்.

நீங்களும் கதை சொல்வதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதை கொஞ்சம் மெருகேறுகிறது, உங்கள் பக்கத்துத் தவறு கொஞ்சம் மறைகிறது. என் மிஸ்டு கால்கள் காணாமல் போனதும் இப்படித்தான்.

அவர்களை நினைக்கவே கூடாது என்று மட்டும் சபதம் எடுக்காதீர்கள். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி ஆட்களை உட்கார வைத்தார். அவர்களுக்கு அந்தக் கரடியே திரும்பத் திரும்ப வந்தது. அதற்குப் பதில் நேரம் ஒதுக்குங்கள்: சாயங்காலம் ஆறு முதல் ஆறேகால் வரை அதை நினைப்பதற்கு. காலையில் நினைப்பு வந்தால் ஆறு மணிக்குப் பார்ப்போம் என்று தள்ளிவிடலாம். பல நாள் அந்த ஆறு மணி மறந்தே போகும்.

5. சின்னச் சட்டத்திலிருந்து உடைத்து வாருங்கள்

முதல் படியில் போட்ட பட்டியலை எடுத்து, உடைப்பதற்கு எது சுலபம், எது கடினம் என்று பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். இரண்டு, மூன்று மதிப்பெண் உள்ளதிலிருந்து தொடங்கி வாரத்துக்கு ஒன்று உடையுங்கள். லிஃப்டுக்கும் உயரத்துக்கும் பயப்படுபவர்களுக்கு உளவியல் மருத்துவத்தில் இப்படித்தான் படிப்படியாகப் பழக்குகிறார்கள். ரோஷமும் அதே மாதிரி வேலை செய்கிறது. ஒன்றைத் தவிர்த்த அந்த நிமிடம் நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதிக்காகவே அடுத்த முறையும் தவிர்க்கிறோம். சுவர் அப்படித்தான் உயர்கிறது.

கவனியுங்கள், இதுவரை அவர்களோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசவும் வேண்டாம்.

நான் முதலில் உடைத்தது வாழ்த்துச் சட்டம். அக்கா வாழ்த்து போட்டதற்குக் கீழேயே நானும் போட்டேன். கை நடுங்கியது என்றால் நம்ப மாட்டீர்கள். யாரும் எதையும் கவனிக்கவில்லை. அடுத்து அந்த பஸ். மூன்றாவது, அம்மாவிடம் நானே "அக்கா எப்படி இருக்கா?" என்று கேட்டது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "இருக்கா, இருக்கா" என்று இரண்டு தடவை சொன்னார்.

இங்கே எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மனசு மாறினால் உடைப்பேன் என்று உட்கார்ந்துவிடுவார்கள். மனசு தானாக மாறுவதாக இருந்தால் ஏழு வருடத்தில் மாறியிருக்கும். கோபம் இருக்கும்போதே சட்டத்தை உடையுங்கள். அதற்கு மன்னித்திருக்க வேண்டிய அவசியமில்லை. பஸ் ஏறுவதற்கு மன்னிப்பு எதற்கு?

இன்னொரு தவறு: ஒரு சட்டத்தை உடைத்துவிட்டு அவர்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பது. "நான் லைக் போட்டேன், அவ பார்த்துட்டுப் பேசாம இருக்கா" என்று ஒருவர் மறுபடி கோபித்துக்கொண்டு, பழைய பதினொன்றோடு பன்னிரண்டாவதாக ஒன்றைச் சேர்த்ததைப் பார்த்திருக்கிறேன். இந்தப் படி உங்களுக்காகச் செய்வது. அவர்களுக்கு இதில் வேலையே கிடையாது.

6. முதல் செய்தி

பாதிச் சட்டங்கள் போன பிறகுதான் இந்தப் படிக்கு வர வேண்டும். முன்னாடியே வந்தால் குரலில் பழைய கணக்கு ஒட்டிக்கொண்டு வரும்.

போனா, செய்தியா? ரொம்ப நாள் இடைவெளி என்றால் செய்தியே நல்லது. திடீரென்று போன் அடித்தால் எடுப்பவர், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறுவார். செய்தி என்றால் படித்துவிட்டு, இரண்டு நாள் நடந்து யோசித்துப் பதில் போட அவருக்கு இடம் கிடைக்கும்.

எழுதக் கூடாதவை: "நடந்தது நடந்துபோச்சு" (எது நடந்தது என்று அவர்கள் உடனே யோசிப்பார்கள்). "நான் எல்லாத்தையும் மறந்துட்டேன்" (குற்றவாளி நீ, நீதிபதி நான் என்று அர்த்தமாகும்). "நீ பேசலைன்னாலும் நான் பேசுறேன்." பத்து வரிக்கு மேல் எதுவும். நள்ளிரவில் எதுவும். இரண்டு கிளாஸுக்குப் பிறகு கண்டிப்பாக எதுவும் கூடாது.

எழுத வேண்டியது, உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சின்னப் பொருள் அல்லது ஞாபகம், பதில் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல். நான் அனுப்பியது இது: "அக்கா, அம்மா வீட்டுப் பரண்ல உன் ஸ்கூல் டிபன் பாக்ஸ் கெடச்சுது. எடுத்து வச்சிருக்கேன்."

அனுப்பிவிட்டு ப்ளூ டிக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் பைத்தியம் பிடிக்கும். படித்தது காட்டும் வசதியை முன்பே அணைத்துவிடுங்கள், அது இரண்டு பக்கமும் அணையும்.

இப்படித் திடீரென்று தொடர்புகொண்டால் எதிரில் இருப்பவர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று ஆய்வாளர் பெக்கி லியூ குழுவினர் 2022இல் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் ஆராய்ந்தது தொடர்பு விட்டுப்போன நண்பர்களைத்தான், சண்டை போட்டவர்களை இல்லை. ஆனாலும் அனுப்பும் பொத்தானை அழுத்தும் நேரத்தில் நினைத்துக்கொள்ள நல்ல தகவல்.

எனக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "மூடி இருக்கா?"

7. பதில் வராவிட்டால்

ஒரு மாதம் விடுங்கள். பிறகு இன்னொரு சின்னச் செய்தி, அதே மாதிரி. அதற்கும் பதில் இல்லையென்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். தூது அனுப்பாதீர்கள், முக்கியமாக அம்மாவை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அவர் நிறைய விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

உடைத்த சட்டங்களை மட்டும் திரும்பப் போட வேண்டாம். அவர்கள் பேசாவிட்டாலும் குலசாமி கோயில் உங்களுக்கும் கோயில்தான், அந்த பஸ் உங்களுக்கும் பஸ்தான். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அவருடைய தம்பியிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. இவர் எல்லா விசேஷத்துக்கும் போகிறார், முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார். தம்பி எதிர் வரிசையில் உட்கார்ந்தால் அது தம்பியின் பாடு.

8. முதல் சந்திப்பு

கல்யாண மண்டபத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். சுற்றி இருநூறு கண் பார்க்கும், யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் "பேசுங்கப்பா" என்று நிறுத்துவார்கள். கூட்டத்துக்கு நடுவில் கௌரவம்தான் முதலில் வாயைத் திறக்கும்.

இழவு வீடு வேறு. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்ற வழக்கம் பல குடும்பங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அங்கே பேச்சு தேவையில்லை, கையைப் பிடித்துக்கொண்டால் போதும். பழைய விஷயத்தை மட்டும் அங்கே தொடாதீர்கள். சாவுக்காகக் காத்திருப்பதும் ஒரு திட்டம் ஆகாது.

எல்லாவற்றிலும் நல்லது, இருவருக்கும் கையில் வேலை இருக்கும் ஒரு சாதாரண நாள். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, வீட்டுக்கு வெள்ளையடிக்கும் முன் சாமான் ஒதுக்குவது. நாங்கள் சந்தித்தது இரண்டாவதில். டிபன் பாக்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூடிய நீதான்டா தொலைச்ச" என்றாள். அரை மணி நேரம் மூடியைத் தேடினோம். காதுகுத்துப் பேச்சே வரவில்லை.

அந்த வீட்டில் சாப்பிடாமல் கிளம்பியவர் என்றால், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பசி இல்லாவிட்டாலும் ஒரு வாய்.

9. பழைய விஷயத்தை எப்போது பேசுவது

மூன்று மாதம் தொடவே வேண்டாம். உடனே பேசித் தீர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் சேர்ந்தவர்களில் பலர் மறுபடி பிரிகிறார்கள். முதலில் சாதாரணப் பேச்சு கொஞ்சம் சேரட்டும்: என்ன குழம்பு, மழை உண்டா, பாப்பா எந்த வகுப்பு.

பேசும் நாள் வந்தால் உங்கள் பக்கத்து ஒரு தவறை மட்டும் சொல்லி நிறுத்துங்கள். "ஆனா" போடாதீர்கள். ஆனா போட்ட இடத்தில் மன்னிப்பு வழக்காக மாறிவிடும். நான் மிஸ்டு கால் விஷயத்தைச் சொன்னேன். அக்கா, "பதினோரு தடவை அடிச்சேன்" என்றாள். எண்ணி வைத்திருந்திருக்கிறாள். அவள் பக்கத்திலும் ஒரு பட்டியல் இருந்திருக்கும்போல. நான் கேட்கவில்லை.

10. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டியலைப் பாருங்கள்

பேச்சு திரும்பிய பிறகும் புதுச் சட்டங்கள் முளைக்கும். "போன தடவை நான் போன் பண்ணேன், இந்தத் தடவை அவ பண்ணட்டும்" என்று ஒன்று எனக்கு இரண்டே மாதத்தில் முளைத்தது. முளையிலேயே பிடித்தால் சுலபம், அன்றைக்கே போன் போட்டுவிட வேண்டும்.

பதினான்கில் பதின்மூன்று போய்விட்டன. மீதி ஒன்று, முதல் நாள் ரிசப்ஷனுக்கே போய்விடுவது. அதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் இப்போது இரவு அங்கேயே தங்கிவிடுகிறேன். போன மாதம் அக்கா வீட்டு விசேஷத்துக்கும் முதல் நாளே போய் இறங்கினேன். பையில் சார்ஜர் இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டாள்.